முதல் இழுப்புக்கும் இரண்டாம் இழுப்புக்கும் நடுவே

சென்ற மாதம் ஒரு மாலையில் மடவார் வளாகம் வைத்தியநாதசுவாமி கோயில் எதிரே, மர நிழலில் பேத்திக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் நான்கு பையன்கள் ஆளுக்கொரு கைபேசியில் சுட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எங்கள் தெருப் பையன். எட்டாம் வகுப்பு படிக்கிறான். "இன்னிக்கு முப்பத்திரெண்டு பேரு தாத்தா" என்று திரையைக் காட்டினான். பிறகு, "நீங்க நெஜத் துப்பாக்கியத் தொட்டிருக்கீங்களா?" என்றான்.

"சுட்டிருக்கேன். அஞ்சு தடவ."

"அஞ்சு பேரையா?"

"இல்லப்பா, தாளை."

"அவ்வளவுதானா?" என்று சொல்லிவிட்டுத் திரைக்குத் திரும்பிவிட்டான்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முப்பது ஆண்டுக்கு மேல் வரலாற்று ஆசிரியராக இருந்தேன். அதில் பாதிக்கு மேற்பட்ட காலம் பள்ளியில் தேசிய மாணவர் படைக்கும் நான்தான் பொறுப்பு. என் வாழ்நாளில் நான் கற்ற பாடங்களில் முதல் வரிசையில் வைப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பகல்பொழுதில் ஒரு பழைய துப்பாக்கியிடம் கற்றதை. அந்தப் பகல்பொழுது இன்றைய பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

1984 டிசம்பர். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. தேசிய மாணவர் படையின் பத்து நாள் முகாமில் ஏழாவது நாள் சுடும் பயிற்சி. ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்துச் சுடுதளத்துக்கு விடியுமுன்னே லாரியில் கொண்டுபோனார்கள். பனி விலகாத பொட்டல். நான்கு மூலையிலும் சிவப்புக் கொடி. எதிரே ஆளுயரத்துக்கு மேல் மண்மேடு, அதன் முன்னே வரிசையாகக் குறித்தாள்கள், அதற்கும் பின்னால் மலை. .303 துப்பாக்கியின் குண்டு தடையில்லாத வெளியில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகும் என்று எங்கள் பயிற்சியாளர் முதலிலேயே சொன்னார். ராணுவத்திலிருந்து எங்களுக்குப் பயிற்சி தர வந்த ஹவில்தார் அவர். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். எல்லாரும் 'உஸ்தாத்' என்றுதான் கூப்பிடுவோம். "தம்பிகளா, நீங்க பாக்குற தாளு நூறு கஜத்துல இருக்கு. குண்டு பாக்குற ஊரு அதுக்கும் அந்தாண்ட இருக்கு. மனசுல வச்சுக்கோங்க" என்றார்.

என் கையில் கொடுத்தது ஒரு லீ என்ஃபீல்ட். 'திரீ நாட் திரீ' என்று நம் ஊர்க் காவலர்கள் காலங்காலமாகத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற அதே ரகம். 1895இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்த குடும்பம் அது. லீ என்பது அதன் இயக்கத்தை வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீயின் பெயர். என்ஃபீல்ட் என்பது அது செய்யப்பட்ட இங்கிலாந்து ஊர். எடை ஏறக்குறைய 4 கிலோ. 4 கிலோ அரிசிப் பையைத் தோளில் போட்டு நடந்தால் பாரமே தெரியாது. அதே எடையை நீட்டிப் பிடித்து, அசையாமல் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னால், அரை நிமிடத்தில் முழங்கை நடுங்கத் தொடங்கும். கைபேசியில் விளையாடும் பிள்ளைகளுக்கு இந்த நடுக்கம் தெரியாது. திரையில் வரும் துப்பாக்கிக்கு எடையே கிடையாது.

கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில், கைப்பிடிக்குச் சற்று மேலே வலப்பக்கம், ஒரு பித்தளைக்காசு அகலத்துக்கு முத்திரை இருந்தது. மேலே கிரீடம். கீழே இஷாப்பூர் என்று ஊர்ப்பெயர். அதற்குக் கீழே 1943. கல்கத்தா பக்கத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள துப்பாக்கித் தொழிற்சாலை அது. வரலாறு படிக்கிற மாணவனுக்கு அந்த ஆண்டைப் பார்த்ததும் கை ஒரு கணம் நின்றது. 1943இல்தான் அந்த வங்கத்தில் பஞ்சம். லட்சக்கணக்கானோர் சோறில்லாமல் செத்தார்கள். அந்த ஆண்டு, அந்த மண்ணில், ஓர் ஆலை மட்டும் இரவு பகலாக ஓடி இதைச் செய்திருக்கிறது. எண்ணெய் பூசித் துடைத்து வைத்திருந்த அந்த இரும்பில் நான் முதலில் படித்தது இதைத்தான்.

விசையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தத் துப்பாக்கியின் விசைக்கு இரண்டு இழுப்பு உண்டு. முதல் இழுப்பு இலகுவாக வரும். கொஞ்ச தூரம் வந்து ஓரிடத்தில் முட்டி நிற்கும். அங்கே விரலை நிறுத்தி, குறியை இன்னொரு முறை பார்த்து, மூச்சைப் பாதி விட்டுப் பாதி பிடித்து, அதன் பிறகு அழுத்தினால்தான் வெடிக்கும். முதல் இழுப்பு வரை போன விரல் திரும்பி வரலாம். இரண்டாம் இழுப்பைத் தாண்டிய விரலுக்குத் திரும்பும் வழி இல்லை. வகுப்பில் உஸ்தாத் இதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி நாங்களும் ஒப்பித்தோம்.

தரையில் விரிப்பு. முன்னால் மணல் மூட்டை. குப்புறப் படுத்து, கால்களை அகட்டி, கட்டையைத் தோள்குழியில் இறுக்கிவைத்தேன். காதில் வைக்கப் பஞ்சு என் சட்டைப்பையிலேயே இருந்தது. சத்திரப்பட்டியில் விசைத்தறியில் மருத்துவத் துணி நெய்தவர் என் அப்பா. எங்கள் வீட்டில் பஞ்சுக்கும் பேண்டேஜ் துணிக்கும் பஞ்சமே இல்லை. போல்ட்டை மேலே தூக்கி, பின்னுக்கு இழுத்து, முன்னே தள்ளி, கீழே அமுக்கினேன். முதல் குண்டு.

சத்தம் காதில் விழுந்ததாக நினைவில்லை. நெஞ்சுக்கூட்டில்தான் விழுந்தது. தோளில் யாரோ உலக்கையின் பூணால் இடித்தது போல் ஒரு அடி. மலையில் முட்டித் திரும்பி வந்த எதிரொலி நிற்கும்வரை எனக்குக் கண் தெளியவில்லை. இரண்டாவதில் பயந்து தோளைத் தளர்த்தினேன். அடி இன்னும் பலமாக விழுந்தது. மூன்றாவதில் கற்றுக்கொண்டேன்: பயந்து விலகினால் அதிகம் அடிக்கும், அணைத்துப் பிடித்தால் குறைவாக அடிக்கும்.

நான்காவது. முதல் இழுப்பு வந்து முட்டி நின்றது. குறி சரியாக இருந்தது. அந்த நேரத்தில் விசில் ஊதியது. "ஸ்டாப்! ஸ்டாப்!"

மண்மேட்டுக்கு வலப்புறம், கொடிக்கு உள்பக்கமாக, ஒரு வெள்ளாடு உடைமரத்தில் முன்கால் வைத்து நின்று தழை தின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னும் மூன்று. அவற்றைத் தேடிக்கொண்டு, தலையில் துண்டு கட்டிய பத்து வயதுப் பையன் ஒருவன் குச்சியோடு வந்தான்.

என் விரல் இரண்டு இழுப்புக்கும் நடுவே இருந்தது. அதை முன்னுக்கு விட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. போல்ட்டைத் திறந்து, கையை எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டு படுத்தே கிடந்தேன். எட்டுப் பேர் வரிசையில் ஒருவர்கூட அசையவில்லை. ஆடும் பையனும் வெளியே போய், கொடிக்காரர்கள் நான்கு மூலையிலிருந்தும் கொடி காட்டும்வரை அரை மணிக்கு மேல் ஆயிற்று. உஸ்தாத் எங்கள் பின்னால் நடந்துகொண்டே சொன்னார்: "சுடுறதுக்கு யாரு வேணாலும் பழகிக்கலாம். நிறுத்துன்னா நிறுத்துறவன்தான் சிப்பாய்."

மிச்ச இரண்டையும் சுட்டேன். ஐந்தில் மூன்று தாளில் இருந்தன. மதியத்துக்கு மேல் காலித் தோட்டா உறைகளை எண்ணினார்கள். ஒன்று குறைந்தது. ஒரே ஒரு பித்தளை உறை. அறுபது பேரும் முழங்காலில் நின்று, நெருஞ்சியும் கோரையும் மண்டிய அந்த நிலத்தை விரல்விட்டுத் தடவினோம். பொழுது சாயும் நேரத்தில் ஒரு விரிப்பின் மடிப்புக்குள் கிடைத்தது. அதன் பிறகு ஒவ்வொருவராக வந்து நின்று, என்னிடம் தோட்டாவோ காலி உறையோ இல்லை என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் லாரி ஏறினோம்.

முகாம் முடிந்து வீடு வந்தபோது வலது தோள் கருநீலமாகக் கன்றியிருந்தது. அம்மா கல்லுப்பை வறுத்தார். அப்பா தாம் நெய்த பேண்டேஜ் துணியில் அதை முடிந்து ஒத்தடம் கொடுத்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. கடைசியில், "தோள்ல வச்சுக்கிட்டவனுக்கே இப்படின்னா, எதுத்தாப்புல நிக்கிறவனுக்கு?" என்று மட்டும் கேட்டார். ஆயுளெல்லாம் காயத்துக்குத் துணி நெய்தவர் அவர். அந்தக் கேள்வியை நான் அதன் பிறகு ஒவ்வொரு வரலாற்று வகுப்புக்கும் எடுத்துக்கொண்டு போனேன்.

ஏனென்றால் இந்தத் துப்பாக்கிக்கு நம் நாட்டில் பல முகங்கள் உண்டு. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாகில் கூடியிருந்த மக்கள் முன் ஜெனரல் டயர் நிறுத்தியது 50 துப்பாக்கி வீரர்களை. பத்து நிமிடத்தில் 1,650 சுற்றுகள் சுடப்பட்டன. அரசே ஒப்புக்கொண்ட சாவு 379. கணக்குப் போட்டால் ஆளுக்கு 33 சுற்று. அதாவது ஒவ்வொரு விரலும் அந்த முட்டி நிற்கும் இடத்துக்கு 33 தடவை வந்து, 33 தடவையும் அதைத் தாண்டியது. கையில் இருந்தவை .303. சுட்டவர்கள் இந்தியப் படையின் சிப்பாய்கள்.

அதே துப்பாக்கி, 1930 ஏப்ரல், பெஷாவர். நிராயுதபாணிகளாக நின்ற கான் அப்துல் கஃபார் கானின் தொண்டர்கள் மீது சுடும்படி கட்வால் படைப்பிரிவினருக்கு உத்தரவு வந்தது. சந்திர சிங் கட்வாலியும் அவரோடு இருந்த வீரர்களும் சுட மறுத்தார்கள். அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். பதினோர் ஆண்டு சிறையில் கிடந்து 1941இல்தான் வெளியே வந்தார். ஜாலியன்வாலாவுக்கும் பெஷாவருக்கும் நடுவே துப்பாக்கி மாறவில்லை. விரலை முன்னுக்கு விட்ட மனிதர்கள் இருந்தார்கள் என்பதுதான் வேறுபாடு.

1962 நவம்பர் 18 அன்று லடாக்கின் ரெசாங் லாவில் அதே .303ஐப் பிடித்துக்கொண்டுதான் மேஜர் சைத்தான் சிங்கின் குமாவுன் படையினர் சீனத் தாக்குதலை எதிர்த்து நின்றார்கள். எதிரியிடம் தானியங்கித் துப்பாக்கிகள். இவர்கள் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்தாக வேண்டும். சுமார் 120 பேரில் 110 பேருக்கு மேல் அந்த மலையிலேயே மாண்டார்கள். அங்கே சுடுவது கடமை. சுடவும் வேண்டும், சுடாமல் இருக்கவும் வேண்டும், எப்போது எது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். ஆயுதத்தைப் பற்றி ஒரு குடியரசு தன் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது இது ஒன்றுதான்.

இதைச் சொன்னால், "பிள்ளைகள் கையில் துப்பாக்கி எதற்கு?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த ராஜபாளையத்தில் அப்படிக் கேட்காவிட்டால்தான் வியப்பு. ஆனால் பிள்ளைகள் கையில் துப்பாக்கி ஏற்கெனவே இருக்கிறது. கைபேசியில் இருக்கிறது, சினிமாவில் இருக்கிறது. கதாநாயகன் இரண்டு கையிலும் ஏந்திச் சுட்டுக்கொண்டே நடக்கிறான். தோள் கன்றுவதில்லை, காது அடைப்பதில்லை, யாரும் விசில் ஊதுவதில்லை, காலி உறையை யாரும் எண்ணுவதில்லை. அந்தத் துப்பாக்கியில் முதல் இழுப்பு என்பதே கிடையாது. தொட்டால் வெடிக்கிறது. நான் கேட்பது, அந்தத் துப்பாக்கியைப் பார்த்து வளரும் பிள்ளை ஒரே ஒரு நாள் சட்டத்துக்கும் விசிலுக்கும் கட்டுப்பட்ட துப்பாக்கியையும் பார்க்கட்டும் என்பதுதான்.

அதற்கான அமைப்பு நம்மிடம் இருக்கிறது. தேசிய மாணவர் படை 1948இல் தனிச் சட்டத்தின் மூலம் வந்தது. அடுத்த ஆண்டே மாணவியர் பிரிவும் வந்துவிட்டது. பள்ளி மாணவர்களுக்கு 25 கஜ தூரத்தில் சுட .22 துப்பாக்கியே போதும். தோள் கன்றாது. ஒழுங்கு அதேதான். எனவே முதலாவது, சீருடையும் அணிவகுப்பும் சான்றிதழும் மட்டும் வாங்கிக்கொண்டு, ஒரு தோட்டாகூடச் சுடாமல் எந்த மாணவனும் மாணவியும் வெளியேறக் கூடாது. ஒருவருக்கு ஐந்து தோட்டாவாவது உறுதியாகக் கிடைக்க வேண்டும். இப்போது திரையில் சுட்டுப் பழகும் கருவிகள் வருகின்றன. குறிபார்க்கப் பழக அவை நல்லவை. சுடுதளத்துக்கு முன்படியாக வைத்துக்கொள்ளலாம். சுடுதளத்துக்குப் பதிலாக வைத்துவிட்டால், கைபேசி விளையாட்டையே அரசுச் செலவில் சொல்லிக்கொடுத்ததாகும்.

இரண்டாவது, சுடுதளங்களின் பாதுகாப்பு. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, சுடுதளத்தில் நடந்த பயிற்சியின்போது பாய்ந்து வந்த குண்டு, தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் புகுந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. தலையில் துண்டு கட்டிய அந்த ஆட்டுக்காரப் பையன்தான் கண்ணுக்குள் நின்றான். அன்று எங்கள் மண்மேட்டில் ஒருவர் பார்த்தார், ஒருவர் விசில் ஊதினார், எட்டு விரல்கள் நின்றன. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் ஒரு பிள்ளை போய்விடும்.

சுடுதளங்கள் அமைந்தபோது ஊர்கள் தூரத்தில் இருந்தன. இன்று வீட்டுமனைகள் அடிவாரம் வரை வந்துவிட்டன. குண்டு போகும் தூரம் மட்டும் குறையவில்லை. தமிழ்நாட்டில் உள்ள ஒவ்வொரு சுடுதளத்தையும், அது யாருடையதாக இருந்தாலும், புதிதாக அளக்க வேண்டும். குண்டு பாயக்கூடிய எல்லைக்குள் எத்தனை வீடு, எத்தனை பாதை, எத்தனை மேய்ச்சல் நிலம் என்று வரைபடத்தில் குறித்து ஊராட்சி அலுவலகத்தில் மாட்ட வேண்டும். மண்மேடு உயரம் போதாத தளங்களை உயர்த்தும்வரை மூடிவைக்க வேண்டும். பயிற்சி நாளன்று செய்தித்தாளில் இரண்டு வரி அறிவிப்புப் போதாது. ஆடு மேய்ப்பவர் அதைப் படிக்க மாட்டார். தண்டோரா போடலாம், ஒலிபெருக்கி கட்டலாம், அந்த ஊர் இளைஞர்களையே கூலி கொடுத்துக் கொடிக்காரர்களாக நிறுத்தலாம்.

மூன்றாவது, ஓய்வுபெறும் துப்பாக்கிகள். உத்தரப் பிரதேசக் காவல் துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்போடு .303க்கு விடைகொடுத்தது. மற்ற மாநிலங்களிலும் அதன் காலம் முடிந்துவருகிறது. எல்லாவற்றையும் உருக்கிவிட வேண்டாம். மாவட்டத்துக்கு ஒன்று, இனி ஒருபோதும் சுட முடியாதபடி செயலிழக்கச் செய்து, அருங்காட்சியகத்தில் வைக்கலாம். எழும்பூரில் பழைய ஆணையர் அலுவலகத்தில் 2021இல் காவல் அருங்காட்சியகம் திறந்ததுபோல, நம் விருதுநகர் அரசு அருங்காட்சியகத்திலும் ஒன்று வரட்டும். பெயர்ப்பலகையில் வீரத்தை மட்டும் எழுதக் கூடாது. ஜாலியன்வாலாவும் இருக்க வேண்டும், பெஷாவரும் இருக்க வேண்டும், ரெசாங் லாவும் இருக்க வேண்டும். பிள்ளைகள் அதன் விசையைத் தொட்டுப்பார்க்க வழி வேண்டும். முதல் இழுப்பு எங்கே முட்டி நிற்கிறது என்று விரலே அவர்களுக்குச் சொல்லட்டும்.

அன்று மாலை பேத்தி வரத் தாமதமானது. அந்தப் பையனிடம் ஆட்டுக் கதையைச் சொன்னேன். பொட்டல், சிவப்புக் கொடி, விசில், முட்டி நின்ற விரல், எல்லாவற்றையும் சொன்னேன். கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டான். மூன்று குண்டு தாளில் விழுந்ததைச் சொன்னபோது அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"அந்தப் பையன் என்ன ஆனான் தாத்தா?" என்றான்.

"ஆட்ட ஓட்டிக்கிட்டு வீட்டுக்குப் போனான்" என்றேன்.